பெரிதாக்கிய சிக்னல்கள்

சிக்னல் பெரிதாகத் தெரிகிறது. ஐயோ, இவ்வளவு பெரிதாகவா போட்டேன்? தனியாக உட்கார்ந்து போட்டபோது கண்ணுக்குப் படவில்லையே. இப்போது இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்தைக் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விழுப்புரம் ஸ்டேஷனிலிருந்து ரயிலை மெதுவாக எடுக்கிறபோதுதான் தெரிகிறது. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் அந்தப் பச்சை விளக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி நிற்கிறது. பக்கத்தில் நிற்கிற மின்கம்பம் அதன் இடுப்பளவுக்குத்தான் வருகிறது. குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். இவர் கண்டுபிடிக்க மாட்டாரா? இருபது வருஷத்துக்கு மேலே நிஜ ரயில் ஓட்டினவர். இந்த விழுப்புரம் விருத்தாசலம் லைனில் எந்த சிக்னல் எந்த வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். அவருக்குப் போய் நான் பொம்மை ரயில் செய்து கொடுத்திருக்கிறேன். அதில் சிக்னலை வேறு பெரிசாக்கி. கடவுளே, இவர் எதுவும் சொல்லாமல் இருக்க வேண்டும். இல்லை, சொல்லிவிட்டால் தேவலை. சொல்லாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறாரே. பச்சை தாண்டிப் போயிற்று. அடுத்தது வருகிறது. அதுவும் அதே பெரிசு.

நல்ல வேளை, ஞாயிற்றுக்கிழமை, மத்தியான வெயிலுக்குத் தெருவில் யாரும் இல்லை. ஜன்னலைச் சாத்தியிருந்தேன், இவர் திறந்து வைத்துவிட்டார், காத்து வரட்டும் என்று. எதிர் வீட்டு நிர்மலா பார்த்தால் என்ன நினைப்பாள்? லோகோ பைலட் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிறார் என்று தானே? அவளிடம் இன்னும் இவர் லைனுக்குப் போய் வருகிறார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னேன் என்றுகூட இல்லை, அவள் கேட்டாள், சார் டூட்டியா என்று. நான் தலையை ஆட்டினேன். டூட்டிதானே, பொய் இல்லையே. ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள், யார் எந்த வண்டிக்குப் போக வேண்டும் என்று போனில் கூப்பிட்டுச் சொல்லுகிற வேலை. மாசி மாதம் கண் பரிசோதனையில் தேறவில்லை. சர்க்கரை கண்ணின் உள்ளே ரத்தக் குழாயைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். இவர் வெளியே வந்து, "அந்த ஆளுக்குத்தான் கண்ணு தெரியல. பல்பு மங்கலா இருந்துச்சு, அதான்" என்றார். பஸ்ஸில் வரும்போதும் சொன்னார். சாப்பிடும்போதும் சொன்னார். பல்பு மங்கலாம். நானும் ஆமாம் என்றேன். அன்றிலிருந்து தினமும் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டம்ளர் இருக்கிற இடத்தைக் கையால் தடவித் தேடுகிறாரே, அப்போது நான் வேறு பக்கம் திரும்பி மிக்ஸியைத் துடைப்பேன். துடைத்ததையே துடைப்பேன். போன மாதம் என் அண்ணன் கோதண்டத்தின் பேத்தி காதுகுத்தில், எல்லார் முன்னாலும் அண்ணன், "மாப்பிள்ளை இப்ப ரயில் ஓட்டுறதில்ல, மேசை ஓட்டுறாரு" என்றான். பந்தியில் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. எனக்கு முகம் எரிந்தது. அண்ணன் மேல் எரிந்ததா இவர் மேல் எரிந்ததா? இவரைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. கட்டின புருஷனைப் பார்த்து வெட்கப்பட்டோமே என்று அதற்கும் சேர்த்து ஒரு வெட்கம். இது ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

"கண்டம்பாக்கம் வருது," என்கிறார் இவர். வந்துவிட்டது. நான் கட்டின கண்டம்பாக்கம். பிளாட்பாரம், ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம், பெயர்ப் பலகை. பலகையில் எழுத்து மட்டும் அழகாக இருக்கிறது, அது என் தொழில். நான் பிரஸ்ஸில் டிடிபி செய்கிறவள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கடைத் திறப்பு நோட்டீஸ். எழுத்தை ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நகர்த்துவது, அந்தப் பக்கம் நகர்த்துவது, இதுதான் நாள் முழுக்க. அந்தத் தைரியத்தில்தான் ஆரம்பித்தேன். எங்கள் பெண் யாழினி காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறபோது, "அப்பாவுக்குப் பொழுது போகட்டும்மா" என்று இந்த ரயில் விளையாட்டை ஏற்றி வைத்துவிட்டுப் போனாள். இவர் ஒரு தடவை திறந்து பார்த்தார். ஏதோ வெளிநாட்டு ரயில், பனி, பைன் மரம். "இது எந்த ஊர் லைனு? எனக்கென்ன தெரியும் இதுல" என்று மூடிவிட்டார். அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, அதிலேயே நாமே பாதை போடலாம், நமக்கு வேண்டிய ஊரைக் கட்டலாம் என்று. பாடம் எல்லாம் இந்தியில் வீடியோ. அந்த ஆள் பேசுவது பாதி புரியாது. அவர் கை எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பேன், நிறுத்துவேன், நானும் அதைச் செய்வேன். முதல் தடவை போட்ட தண்டவாளம் மண்ணுக்குள் போய்விட்டது. ரயில் கிளம்பி, தலை முதலில் பூமிக்குள் இறங்கி, கடைசிப் பெட்டியும் காணாமல் போயிற்று. நான் மட்டும் வெறும் பச்சைத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த தடவை தரையைத் தூக்கினால் ஸ்டேஷன் அந்தரத்தில் தொங்கியது. மரம் நடப் போனால் தண்டவாளத்தின் நடுவில் முளைத்தது, ரயில் அதற்குள்ளே புகுந்து போனது, பேய் மாதிரி. பிரஸ்ஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது பைண்டிங் வேலை செய்கிற சுலோசனா எட்டிப் பார்த்து, "என்னாக்கா, ரயிலு பொம்மை? வீட்டுல சின்னப் பசங்க யாரு இருக்காங்க?" என்றாள். அண்ணன் பேரனுக்கு என்றேன். அண்ணனுக்குப் பேரனே கிடையாது.

"இங்க புளியமரம் கிடையாதே," என்கிறார். குரலில் கோபம் இல்லை. "அது அந்தாண்ட பக்கம். ரயில்வே கேட்டு தாண்டி." "மாத்திடறேங்க." "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு." நல்லாத்தான் இருக்கு என்கிறார். ரயிலின் வேகம் ஏறுகிறது. இவர் தோள் கொஞ்சம் தளர்ந்து, இடது கை தானாகப் போய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அங்கே ஏதோ கைப்பிடி இருக்கிற மாதிரி. மஞ்சள் விசில் போர்டு வருகிறது, லெவல் கிராசிங்குக்கு முன்னால். ஊதுகிறார். நீளமாக ஊதுகிறார். அந்தச் சத்தம் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகிறது, நான் எழுந்து ஜன்னலைச் சாத்தலாமா என்று நினைத்து, சாத்தினால் தெரிந்துவிடுமே எதற்குச் சாத்துகிறேன் என்று, உட்கார்ந்தே இருக்கிறேன். இதெல்லாம் இவரிடமே திருடினது. தோசை ஊற்றிக்கொண்டே கேட்பேன், ஏங்க, பரிக்கல் ஸ்டேஷனுக்கு முன்னாடி வளைவு எந்தப் பக்கம் திரும்பும் என்று. எதுக்குக் கேக்குற என்பார். சும்மாதான் என்பேன். சும்மாதான் என்று சொன்னாலும் சொல்லுவார். வளைவு, ஏற்றம், ஆற்றுப் பாலத்தில் சத்தம் எப்படி மாறும், மழைக் காலத்தில் எங்கே சக்கரம் வழுக்கும். சொல்லச் சொல்ல முகத்தில் ரத்தம் ஊறும். மாசிக்குப் பிறகு அவ்வளவு பேசினது அப்போதுதான். நான் கேட்டதை மனசில் வைத்துக்கொண்டு, இவர் ஆபீசுக்குப் போனதும் வந்து போடுவேன். எல்லாம் சரியாகப் போட்டேனே. சிக்னல் எதற்குப் பெரிசாக்கினேன்? முதலில் அளவாகத்தான் வைத்தேன். அப்புறம் ஒரு நாள் பேப்பரைப் படிக்கிறேன் என்று அதே பக்கத்தை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக எல்லாம் இல்லை, நேராகத்தான் இருந்தது. ஆனால் கண் நகரவில்லை. அன்றைக்கு வந்து ஒரு சிக்னலைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். வயசானவர்கள் பத்திரிகை அடிக்கக் கொடுக்க வந்தால் எழுத்தைக் கொஞ்சம் தூக்கிப் போடும்மா என்பார்களே, அது மாதிரி. பிறகு பக்கத்து சிக்னல் சின்னதாகத் தெரிந்தது, அதையும். பிறகு எல்லாவற்றையும். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். உதவி என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் ஊருக்கே தெரிகிற மாதிரி கம்பம் நட்டு எழுதி வைத்திருக்கிறேன், இந்த ஆளுக்குக் கண் தெரியாது என்று.

ரயில் வேகம் குறைகிறது. ஸ்டேஷன் எதுவும் இல்லையே. இரண்டு பக்கமும் நான் விரித்த கரும்புக் காடு. நடு வழியில் நிறுத்துகிறார். நிறுத்திவிட்டு, கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். வந்துவிட்டது.

"சசி."

"சொல்லுங்க."

"சிக்னல் என்ன சைஸ்ல போட்டிருக்க?"

"அது... அப்படித்தாங்க வந்துச்சு அதுல."

"அப்படியேவா வரும்?"

"ஆமா."

"கம்பமெல்லாம் சரியா இருக்கு. கேட்டு சரியா இருக்கு. ஸ்டேஷன் சரியா இருக்கு. சிக்னல் மட்டும் தேர் மாதிரி நிக்குது." திரும்பி என்னைப் பார்க்கிறார். பார்க்கிறாரா? என் முகம் இருக்கிற பக்கம் பார்க்கிறார். "எனக்காகவா?"

இல்லை என்று சொல்ல வாய் திறக்கிறேன். ஃபேன் சுற்றுகிறது. குக்கரில் எதையாவது வைத்துவிட்டு வந்திருக்கக் கூடாதா, அதைச் சாக்காக வைத்து எழுந்து போயிருப்பேனே. "கொஞ்சம் தெளிவா இருக்கட்டுமேன்னுதாங்க." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரல். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நானும் அழுதுவிட்டு முடித்துக்கொள்ளலாம். "சின்னதாக்கு," என்றார். "எதுக்குங்க, இருந்துட்டுப் போகட்டுமே." "உள்ளது எப்படியோ அப்படிப் போடு சசி. ரயிலுன்னா ரயிலா இருக்கணும். சின்னதாக்கு."

நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்றார். ஒவ்வொரு சிக்னலாகப் பிடித்து, சுருக்கி, அதன் இடத்தில் நிறுத்தினேன். விழுப்புரத்தில் ஆரம்பித்து வரிசையாக. திருடின பொருளைச் சொந்தக்காரர் முன்னாலேயே ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் சுருங்கும்போது நான் எவ்வளவு தூக்கி வைத்திருந்தேன் என்று தெரிந்தது. அவர் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது. எத்தனை பாக்கி என்று கேட்கவில்லை. அவசரமும் படவில்லை. பரிக்கல் வெளி சிக்னலுக்கு வந்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே சிவப்பு வைத்திருக்கிறேன். ஒரு சரக்கு ரயில் ஒதுங்கி நிற்கிற லூப் லைனில் ஏறுகிற வரைக்கும் இவர் வண்டி வெளியே நிற்க வேண்டும். பரிக்கல் அவுட்டர்ல போட்டுடுவான் சசி, சோத்துக்கு வீட்டுக்கு வர விடமாட்டான் என்று எத்தனை தடவை வந்து புலம்பியிருக்கிறார், அதை நினைத்து ஆசையாக வைத்தது. நிஜம் போல இருக்கட்டும் என்று. பச்சையாக மாற்றிவிடலாமா? ஒரு அமுக்கு. பின்னால் நிற்கிறவருக்குத் தெரியாது. தெரியாது என்று எனக்குத் தோன்றியதே, அந்த நினைப்பு வந்ததும் கை கூசியது. சின்னதாக்கிவிட்டு, சிவப்பை அப்படியே விட்டேன்.

மறுபடி அவர் உட்கார்ந்தார். கரும்புக் காட்டிலிருந்து எடுத்தார். இப்போது எல்லாம் அளவாக இருந்தது, பார்க்க நிஜமாகத்தான் இருந்தது. வேகம் ஏறியது. சேர்ந்தனூர் போயிற்று. பெண்ணையாற்றுப் பாலம் வந்தது, நான் போட்ட மணல், நடுவில் ஒரு ஓடை மாதிரி தண்ணீர். "தண்ணி ஜாஸ்தி," என்றார். "இவ்வளவு தண்ணிய நான் ஐப்பசியிலதான் பார்த்திருக்கேன்." சிரித்தாரோ? எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் பாலத்தில் இல்லை, பாலத்துக்கு அப்புறம் வரப் போகிறதில் இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் ரோடு பச்சை. தாண்டினார். பச்சை என்று பார்த்துத் தாண்டினாரா, பச்சையாக இருக்கும் என்று தாண்டினாரா? அப்புறம் மஞ்சள் வந்தது. மஞ்சள் வந்தால் வேகத்தைக் குறைப்பார், அடுத்தது சிவப்பு என்று அர்த்தம், அது எனக்கே தெரியும், அவர் சொல்லிக் கொடுத்ததுதான். மஞ்சள் பக்கத்தில் வந்தது. பெரிதாகியது. இடது பக்கமாக விலகி மறைந்தது. வேகம் குறையவில்லை. சொல்லட்டுமா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால், சிக்னலைப் பெரிசாக்கினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? இப்போதுதானே உள்ளது எப்படியோ அப்படிப் போடு என்றார். சொல்லாவிட்டால், தெரிந்தே புருஷனைப் பள்ளத்தில் இறங்க விடுகிற மாதிரி. பார்த்திருப்பார், பழைய கைதானே, கடைசி நேரத்தில் பிடிப்பார். ஒரு வேளை இவர் சொல்கிற மாதிரி பல்புதான் மங்கலோ, கண் நன்றாகத்தான் இருக்கிறதோ? எனக்கு அது நிஜமாக இருக்க வேண்டும் போல இருந்தது, எவ்வளவு வேண்டும் போல இருந்தது! வளைவு. இவர் சொன்ன அதே வளைவு, அதே பக்கம். வளைவு முடிந்ததும் தூரத்தில் சிவப்பு, ஒரு குங்குமப் பொட்டு. நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். பொட்டு பெரிதாகிறது. சுண்டைக்காய் அளவு ஆகிறது. இவர் முகத்தைப் பார்க்கிறேன். திரை வெளிச்சம் கன்னத்தில் விழுகிறது. நிம்மதியாக இருக்கிறார். அவ்வளவு நிம்மதியாக இருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, வண்டி ஓட்டும்போது இவர் முகம் இப்படித்தான் இருந்திருக்குமா, இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

திரை நின்றது. சத்தமும் நின்றது. நடுவில் ஒரு கட்டம் வந்து, அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து.

"என்ன ஆச்சு? கரண்டா?" என்றார். பிறகு கட்டத்தைப் பார்த்துக் கண்ணை இடுக்கினார். முகத்தை முன்னால் கொண்டுபோனார், மூக்கு திரையில் பட்டுவிடும் போல. "என்ன எழுதியிருக்கு?"

படித்துத்தான் ஆக வேண்டும். "சிவப்பு சிக்னலைத் தாண்டிட்டீங்கன்னு எழுதியிருக்கு."

"எங்க?"

"பரிக்கல் வெளியில."

"மஞ்சள் இருந்துச்சா அதுக்கு முன்னாடி?"

"இருந்துச்சு."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். என்னைப் பார்க்காமல், திரையையும் பார்க்காமல், சுவரில் காலண்டர் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியல சசி," என்றார். யாரோ பேர் கேட்டால் சொல்லுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "மஞ்சளும் தெரியல. சிவப்பும் தெரியல. அங்க ஒண்ணு இருக்குதுன்னே தெரியல." ஆமாம் என்று சொல்லியே பழகின வாய்க்கு இதற்கும் ஆமாம் என்றுதான் சொல்லத் தெரியும், அதனால் சும்மா இருந்தேன். அவர் உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்தார். "பின்னாடி அத்தனை பெட்டி," என்றார். அவ்வளவுதான். பெட்டிகளில் யார் என்று நான் நினைத்துப் பார்த்தேன். தூங்கிக்கொண்டு வருகிறவர்கள், பிள்ளைக்கு இட்லி ஊட்டுகிறவர்கள், அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போகிற ஜனங்கள். என் நினைப்பெல்லாம் நிர்மலா என்ன சொல்லுவாள், சுலோசனா என்ன சொல்லுவாள் என்பதிலேயே இருந்ததே. இந்தப் பெட்டிகளை ஒரு நாளாவது நினைத்தேனா? இவர் நினைத்திருக்கிறார். பல்பு மங்கல் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அழுகை வந்தது, அவருக்கு என் முகம் சரியாகத் தெரியாது என்று நினைத்துத் துடைக்காமல் விட்டேன். அப்படி நினைத்தோமே என்று உடனே துடைத்தேன்.

"எழுந்திரு. இல்ல, நீ இப்படி வந்து உக்காரு," என்று அவர் எழுந்தார். "நீ ஓட்டு."

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. போடத்தான் தெரியும்."

"லைனையே போட்டுட்ட. ஓட்டறதுக்கு என்னா? உக்காரு."

திருவெண்ணெய்நல்லூர் ரோட்டிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஒரு உலுக்கு உலுக்கியது. "ஏய், ஏய், மெதுவா. இப்படி எடுத்தா மேல படுத்திருக்கறவன் கீழ வந்து விழுவான்." நான் குறைத்தேன், நின்றே போய்விட்டது. "நிறுத்தச் சொன்னனா?" மறுபடி. என் காது சூடாகியது, பிரஸ்ஸில் புதிதாகச் சேர்ந்தபோது பெண்ணின் பேருக்குப் பதில் மாமியார் பேரைப் போட்டுப் பத்திரிகை அடித்த நாள் மாதிரி. ஆனால் எழுந்து ஓடத் தோன்றவில்லை. அவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். சக்கரச் சத்தத்தைக் கேட்டே, "இப்ப ஏத்தம் வரும், கொஞ்சம் கொடு," என்றார். வந்தது. "இப்ப விடு. தானா ஓடும்." ஓடியது. எதிரே மஞ்சள் தெரிந்தது. சொல்லலாமா என்று இப்போது யோசிக்கவில்லை.

"மஞ்சள்," என்றேன்.

"குறை."

குறைத்தேன். வளைவு வந்தது. வளைவு முழுசாக முடிவதற்குள் நான் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிவப்பு."

தெரியுது என்று அவர் சொல்லவில்லை. "எவ்வளவு தூரத்துல?" என்று கேட்டார்.